பாட்ஷாவுக்கும் 44, அப்பாவுக்கும் 44

எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு கெட்ட பழக்கம். பழைய படம் எது ஓடினாலும், திரையில் இருப்பவருக்கு அப்போது என்ன வயது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. கதை ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் கழித்தல் போட்டுக்கொண்டிருப்பேன். 'நாயகன்' 1987 தீபாவளிக்கு வந்தபோது கமலுக்கு 33 ஆகச் சில நாள் பாக்கி. அந்த வயதில் நரைத்த தலையும் கண்ணாடியுமாகப் பேரனோடு உட்கார்ந்திருக்கிறார். வி.கே. ராமசாமி கதை இன்னும் மோசம். 'நாம் இருவர்' வந்தது 1947-ல், அவருக்கு 21 வயது. அதிலேயே கிழவர் வேடம். அந்த மனிதரை நான் இளைஞராகப் பார்த்ததே இல்லை. அவர் இளைஞராக இருந்தபோதும் யாரும் அவரை அப்படி இருக்க விடவில்லை போலிருக்கிறது.

போன மாதம் டிவியில் 'பாட்ஷா' போட்டான். நூறு தடவைக்கு மேல் பார்த்த படம்தான். ஆனாலும் கணக்கு ஓடியது. ரஜினி பிறந்தது டிசம்பர் 1950. படம் வந்தது 1995 பொங்கலுக்கு. 44 முடிந்து ஒரு மாதம்.

எனக்கும் இப்போது 44.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. என் அப்பாவும் 1950-ல் பிறந்தவர். ஆக, அந்தப் பொங்கலன்று திரையில் கம்பத்தில் கட்டிவைத்து அடி வாங்கிக்கொண்டே சிரித்தவருக்கும், என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இடைவேளைக்கு முறுக்கு வாங்கித் தந்தவருக்கும் ஒரே வயது. 13 வயதுப் பையனாக நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ரஜினிக்கு வயதே கிடையாது. அப்பாவுக்கு எப்போதும் அப்பா வயது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

அப்பா திருச்சி பெல்லில் வேலை பார்த்தார். கைலாசபுரம் குடியிருப்பில்தான் நான் வளர்ந்தேன். செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்து சைக்கிளை நிறுத்தும்போது ஸ்டாண்டு போடும் சத்தம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. 44-ல் அவருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. பேப்பரைக் கையை நீட்டி ஜன்னல் பக்கம் பிடித்துப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதுகுக்கு அயோடெக்ஸ். வயதான மனிதர் என்றே முடிவு கட்டியிருந்தேன். இதைத் தட்டச்சு செய்யும்போது எழுத்தின் அளவை 140 சதவீதம் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது அதே காலத்தில். மாமா சென்னைக்குப் போனவர் பர்மா பஜாரிலிருந்து வாங்கிவந்தார். ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்களைப் பொறுத்தவரை அதன் பெயர் டிவி கேம். கூடவே ஒரு மஞ்சள் கேசட், அதில் 9999999 இன் 1 என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது ஏழெட்டு கேம்தான். அதே மாரியோவை ஒரு தடவை முதல் ஸ்டேஜிலிருந்து, ஒரு தடவை நாலாவது ஸ்டேஜிலிருந்து என்று வேறு வேறு எண்ணில் போட்டுப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். சாலிடேர் டிவியின் பின்னால் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகி, டியூனிங் குமிழைத் திருகித் திருகிப் படம் பிடிக்க வேண்டும். கிடைத்துவிட்டால் அப்புறம் யாரும் அந்தக் குமிழைத் தொடக் கூடாது. செய்தி பார்க்க வேண்டும் என்று அப்பா தொட்டுவிடுவார். சண்டை வரும்.

ஆனால் அப்பாவும் ஒரு கேம் ஆடுவார். வாத்து சுடும் கேம், 'டக் ஹன்ட்'. கூட வந்த பிளாஸ்டிக் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக் குறிபார்ப்பார். அவருக்கு வாத்து விழாததுகூடப் பிரச்சினை இல்லை. குறி தப்பியதும் புல்லுக்குள்ளிருந்து எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் ஒரு நாய் வரும். அதுதான் அவருக்குத் தாங்காது. "இந்த நாயைச் சுடறதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா பாருடா" என்று என்னைக் கேட்பார். வழி இருந்திருக்கிறது, ஆனால் எங்கள் கேசட்டில் இல்லை. வெளிநாடுகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகளில் வந்த பதிப்பில் நாயைச் சுடலாமாம். அப்பாவிடம் இதை 30 வருடம் தாமதமாகச் சொன்னேன். "இப்ப சொல்லு" என்றார்.

எங்கள் டிவி கேம் பெட்டியை, அப்பா-அம்மா இருக்கும் காட்டூர் வீட்டுப் பரணிலிருந்து இந்த வருடம் கோடை விடுமுறையில் இறக்கினேன். அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாள், அதனால் துப்பாக்கி, அடாப்டர், கேசட் எல்லாம் ஒரு பழைய தலையணை உறைக்குள் பத்திரமாக இருந்தன. கேசட்டின் அடியில் ஊதினேன். ஊதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எச்சில் ஈரம் பட்டு உலோக முனைகள் கெடத்தான் செய்யும் என்று பிற்பாடு படித்திருக்கிறேன். கழற்றி மறுபடி மாட்டும்போது முனைகள் ஒழுங்காக உட்காருவதுதான் அசல் காரணம். தெரிந்தாலும் ஊதத்தான் செய்தேன். படம் வந்தது. எட்டாவது படிக்கும் என் மகள் துப்பாக்கியை எடுத்துச் சுட்டாள். ஒரு வாத்துகூட விழவில்லை. நான் சுட்டேன், விழவில்லை. 75 வயது அப்பா வாங்கிச் சுட்டார். நாய் எழுந்து சிரித்தது. மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

துப்பாக்கி கெட்டுவிட்டதோ என்று திறந்து பார்த்தேன். சுருள்கம்பி, ஒரு லென்ஸ், அதற்குப் பின்னால் ஒளியை உணரும் சின்ன உறுப்பு, நாலு வயர். அவ்வளவுதான். இந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அது பார்க்க மட்டும் செய்கிறது. விசையை அழுத்தியதும் திரை முழுக்கக் கண் இமைப்பதற்குள் கறுப்பாகும். அடுத்த நொடித்துளியில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து மறையும். முதலில் இருட்டு, அப்புறம் வெளிச்சம் என்று துப்பாக்கிக்குத் தெரிந்தால் வாத்து காலி. குண்டு பல்பைப் பார்த்துச் சுட்டால் எல்லா வாத்தும் விழும் என்று எங்கள் செக்டரில் ஒரு வதந்தி உண்டு. அந்த ஏமாற்று வேலைக்காகத்தான் முதலில் அந்தக் கறுப்பு. பல்பைக் காட்டினால் இருட்டு தெரியாது, அப்போதே மாட்டிக்கொள்வோம்.

இதெல்லாம் டியூப் டிவிக்காகச் செய்த கணக்கு. சிக்னல் வந்த கணமே அதில் படம் விழும். இப்போது வீட்டில் இருக்கும் எல்.இ.டி. டிவி அப்படி இல்லை. வருகிற படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, கொஞ்சம் நிதானமாகத்தான் காட்டும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிட்டது. ஆக அன்று யார் குறியும் தப்பவில்லை. அப்பாவிடம் விளக்கினேன். "டிவி லேட்டுங்கற, சரி. நாய் மட்டும் கரெக்டா வருதே" என்றார்.

சரி, துப்பாக்கியை விட்டுவிடலாம் என்று 'கான்ட்ரா'வுக்குப் போனோம். இரண்டு பேர் சேர்ந்து எதிரிகளைச் சுட்டுக்கொண்டே முன்னேறும் கேம். தீபாவளிக்குப் பெரியப்பா பையன் வந்திருந்தான். என்னைவிட இரண்டு வயது பெரியவன், ஆனாலும் அவனை நான் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. கான்ட்ராவை ஒன்றாக ஆடியவர்களுக்குள் அந்த மரியாதை எல்லாம் நிற்காது. மூன்றாவது ஸ்டேஜ் ஓர் அருவி. பக்கவாட்டில் ஓடாமல் மேலே மேலே தாவி ஏற வேண்டும். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு மேலே போகும். கீழே நிற்பவனின் தரை காணாமல் போய் அவன் செத்துப்போவான். எதிரி சுட்டு எங்கள் லைஃப் போனதைவிட, இவன் அவசரப்பட்டு ஏறியதால் எனக்கும், நான் ஏறியதால் இவனுக்கும் போனதுதான் அதிகம். "டேய், ஏறாதடா, நான் கீழ இருக்கேன்!" என்ற கத்தல் 1995-லும் அதேதான், இந்தத் தீபாவளிக்கும் அதேதான். அவனுக்கு இப்போது சர்க்கரை, பக்கத்தில் வைத்திருந்த அதிரசத்தை அண்ணி நகர்த்திக்கொண்டே இருந்தார்.

அப்போது நாங்கள் எட்டு ஸ்டேஜையும் முடிப்போம். இப்போது அருவியைத் தாண்ட முடியவில்லை. டிவி தாமதம் என்று நான் சொன்னேன். செட்டிங்குக்குள் போய் கேம் மோடைப் போட்டோம். மெருகேற்றும் வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு டிவி சட்டென்று படத்தைக் காட்டும். போட்ட பிறகும் அதே இடத்தில்தான் செத்தோம். குண்டு வருவது தெரிகிறது. குதிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. கட்டைவிரலுக்குத் தகவல் போய்ச் சேர நேரமாகிறது. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் தட்டினால் 30 லைஃப் தரும் ரகசியக் குறியீடு மட்டும் யோசிக்காமல் வந்தது: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கான்ட்ராவைச் செய்த கொனாமி கம்பெனியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 1986-ல் 'கிரேடியஸ்' என்ற கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, தன்னாலேயே அதை ஆடி முடிக்க முடியவில்லை என்று தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. எடுக்க மறந்து கேமோடு வெளியே வந்துவிட்டது, பிறகு கான்ட்ராவுக்கும் வந்து சேர்ந்தது. அந்த மனிதர் 2020-ல் காலமானார் என்று படித்தபோது, தெரிந்தவர் போனது போல இருந்தது.

விரல் ஏன் இப்படி ஆகிறது என்று தேடியதில் ஓர் ஆய்வு கிடைத்தது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தினர் 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை வைத்து 2014-ல் வெளியிட்டது. 24 வயதிலேயே வேகம் குறைய ஆரம்பித்துவிடுகிறதாம். அவர்கள் எடுத்துக்கொண்டவர்களின் வயது 16 முதல் 44 வரை. அதாவது அந்த வகுப்பில் நான் கடைசி பெஞ்ச். 24 வயதில் நான் செய்துகொண்டிருந்ததெல்லாம் ஏறக்குறைய உச்சம் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் உருப்படியாகச் செய்திருப்பேன்.

சினிமா இந்த விஷயத்தில் ரொம்பத் தாராளம். எத்தனை வயதில் போனாலும் உள்ளே விட்டுவிடும். நாம் உட்கார்ந்தால் போதும், படம் தானாக ஓடும், அதே இடத்தில் கைதட்டுவோம், மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வரலாம். கேம் வாசலிலேயே கையை நீட்டச் சொல்லிச் சோதித்துப் பார்க்கிறது. 40 கிலோபைட் மாரியோவுக்கு, அதாவது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படத்தைவிடச் சின்ன சமாச்சாரத்துக்கு, என் வயது துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சினிமாவும் சும்மா இருப்பதில்லை, அது வேறு விதமாக வேலையைக் காட்டும். 2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி வெளியிட்டார்கள். முதலில் வந்தது 2004 ஏப்ரலில், அப்போது திருச்சியில் பார்த்தேன். (ரம்பா-ஊர்வசி, சோனா-மீனா என்று எங்கள் ஊரில் தியேட்டர்கள்கூட ஜோடியாகத்தான் இருக்கும், நாங்கள் மட்டும் தனியாகப் போவோம்.) இந்தத் தடவை சென்னையில், மகளோடு. தியேட்டரில் பாதிப் பேர் அந்தப் படம் முதலில் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். பாட்டு வந்ததும் நாற்காலியில் ஏறி நின்று ஆடுகிறார்கள், அடுத்த வசனத்தைப் பிரகாஷ் ராஜ் வாயைத் திறக்கும் முன்னால் இவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நானும் கத்தினேன். தொண்டை இரண்டு நாள் போய்விட்டது.

நடுவில் ஓர் இடம் இடித்தது. மதுரையிலிருந்து காப்பாற்றிக் கூட்டிவந்த பெண்ணை விஜய் தன் வீட்டிலேயே, போலீஸ் அதிகாரியான அப்பாவுக்குத் தெரியாமல், அறைக்குள் ஒளித்து வைக்கிறார். 23 வயதில் அந்தக் காட்சிகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா கேரக்டர் என்றால் ஒரு தடங்கல், அவர் வெளியே போனால் கதை நகரும், அவ்வளவுதான். இப்போது ஆஷிஷ் வித்யார்த்தி வீட்டுக்குள் வரும்போதெல்லாம் எனக்கு அவர்மேல்தான் கண் போகிறது. ஊரெல்லாம் தேடும் ஒரு பெண் தன் வீட்டு அறையில் இருப்பது தெரியாமல் அந்த மனிதர் நடமாடிக்கொண்டிருக்கிறார். மகன் மேல் அவர் எரிந்து விழுவதில் பாதி நியாயமாகவே பட்டது. மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, நீ வில்லன் சைடா?" என்று கேட்டாள். இல்லம்மா, அப்பா சைடு. "ரெண்டும் ஒண்ணுதான்" என்றுவிட்டுப் பாப்கார்னுக்குத் திரும்பிவிட்டாள்.

இவள் கண் வேறு. நான் எத்தனையோ வருடம் ஆடிய மாரியோவை முதல் நாள் ஆடிவிட்டு, "மேகமும் புதரும் ஒரே படம்தானே, கலர் மட்டும் மாத்தி வச்சிருக்காங்க" என்றாள். உண்மைதான். இடம் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். நான் கவனித்ததே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தேன்.

ஒரே ஒரு கேம் மட்டும் எனக்கு இந்த வயதில் வசப்பட்டிருக்கிறது, அது 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. 1997-98 வாக்கில் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் ஆடியது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி குளிரில் பாதம் சில்லிட உட்கார்ந்து, சார் அந்தப் பக்கம் திரும்பியதும் திறப்போம். இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிடம் கெடு. லேப் பீரியட் 45 நிமிடம். மூன்றாவது லெவல் போன பிறகுதான் சேவ் செய்யவே முடியும். அப்படியே செய்தாலும் அடுத்த வகுப்புப் பையன்கள் அழித்துவிடுவார்கள். எங்கள் பேட்ச்சில் ஒருவரும் இளவரசியைப் பார்த்ததில்லை.

அந்த இளவரசன் ஓடுவது மற்ற கேம் ஆட்கள் ஓடுவது போல இருக்காது. நிஜ மனிதன் போலக் கால் வைப்பான், நிற்க இரண்டு அடி எடுப்பான், விளிம்பில் தொங்கும்போது உடம்பு ஆடும். காரணம், அது நிஜ மனிதன்தான். கேமை எழுதிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பிக்கு வெள்ளை உடை மாட்டி ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதன் மேல் ஒவ்வொரு படமாக வரைந்தார். வாள் சண்டை 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையிலிருந்து வந்தது. எரால் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் தெரியும் சில நொடிகள் அவருக்குப் போதுமானதாக இருந்தன. கேம் 1989-ல் வெளியானது. அந்தத் தம்பிக்கும் இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவருக்காவது முட்டி வலி இல்லாமல் இருக்கட்டும்.

நிஜ உடம்பு என்பதால் பட்டனைத் தட்டியதும் தாவிவிட மாட்டான். எங்கே தாவப் போகிறோம் என்று முன்கூட்டியே யோசித்து, அடி எண்ணி, கொஞ்சம் முன்னாலேயே அழுத்த வேண்டும். 16 வயதில் இது எரிச்சலாக இருந்தது. இப்போது இதுதான் என் வேகம். அந்தக் கனடா ஆய்விலும் ஓர் ஆறுதல் வரி இருந்தது: வயதானவர்கள் வேகத்தில் விட்டதை எளிய உத்திகளால் ஈடுகட்டுகிறார்களாம். பழைய கேம்களைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் போட்டு, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போனோடு ஆடி முடித்தேன். கடைசி லெவலில் இளவரசனின் நிழல் வாளோடு எதிரே வரும். அதை ஒரு குத்துக் குத்தினால் நம் உயிரில் ஒன்று குறையும். எவ்வளவு நன்றாகச் சண்டை போடுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் சாவோம். கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையில் போட்டுவிட வேண்டும், நிழலும் போட்டுவிடும், அப்புறம் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் ஓடி ஒன்றாகிவிடுவார்கள். அன்று லேபில் அந்த லெவல் வரைக்கும் எவனாவது போயிருந்தாலும், வாளை உறையில் போட எங்களில் ஒருவனுக்கும் தோன்றியிருக்காது.

இளவரசியைப் பார்த்தாயிற்று. பாக்கி இருப்பது அப்பாவின் வாத்துக் கணக்கு. அதற்கு டியூப் டிவிதான் வேண்டும். எங்கள் ஏரியாவில் இருக்கும் பழைய இரும்புக் கடையில் போய்க் கேட்டேன். "டியூப் டிவியா சார்? போன மாசம் ரெண்டு வந்துச்சு, உடைச்சிட்டோம்" என்றார். எதற்கு என்றேன். "உள்ள காயில் இருக்கும்ல சார், காப்பரு." மறுபடி வந்தால் உடைக்காமல் எடுத்து வைக்கச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறேன். அட்வான்ஸாக 200 ரூபாயும். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். "21 இஞ்ச் டப்பா டிவி வந்தா எங்கங்க வைக்கறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். காட்டூருக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா இதுவரை மூன்று தடவை போன் செய்துவிட்டார், டிவி கிடைத்ததா என்று.